300 டாலர் ரூகர் 10/22: எதைப் பார்த்து வாங்குவது, எதை மாற்றுவது

விலை குறைந்த செமி-ஆட்டோ ரைஃபிள் (ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, 50 கஜத்தில் எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்பதுதான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. இந்தத் துப்பாக்கியில் நாளைக்கு என்னால் மாற்ற முடியாத பாகம் எது, அது ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ட்ரிகர் கனமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், தோளில் வைக்கும் கட்டை பொருந்தவில்லையா, அதையும் மாற்றலாம். தோட்டா உள்ளே போகும் வழியே கோளாறாக இருந்து, உதிரிபாகமும் கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் அது தண்டச்செலவு.

அந்தக் கணக்கில் அமெரிக்கச் சந்தையில் ரூகர் 10/22-ஐ அடித்துக்கொள்ள ஆளில்லை. 1964-இல் ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் இதைக் கொண்டுவந்தபோது விலை 54 டாலர் 50 சென்ட். இன்று சாதாரண கார்பைன் (குட்டை ரைஃபிள்) மாடல் 300 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. மரக்கட்டையா பிளாஸ்டிக் கட்டையா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். .22 லாங் ரைஃபிள் தோட்டா, பதினெட்டரை அங்குல பேரல், எடை 5 பவுண்ட் அளவில். இத்தனை வருடங்களில் உள் அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. அதனால் இன்று வாங்கும் ட்ரிகர், அப்பா காலத்துத் துப்பாக்கியிலும் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும்.

இதன் உயிர்நாடி, தோட்டாக்களை வைத்திருந்து ஊட்டும் மேகசின்தான். .22 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு உண்டு. சாதாரணப் பெட்டி மேகசினில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது, தோட்டா முன்னால் நகராது. ரூகர் இதைச் சுழலும் உருளையால் தீர்த்தது. பத்துத் தோட்டாவும் உருளையில் தனித்தனிப் பள்ளத்தில் உட்காருகின்றன, ஒன்றோடொன்று உரசுவதில்லை. தோட்டா வெளியேறும் வாய் எஃகு. மேகசின் துப்பாக்கியின் வயிற்றோடு சமமாக உட்கார்ந்துகொள்கிறது, கீழே துருத்துவதில்லை. இந்த விலையில் இவ்வளவு நம்பகமான மேகசின் வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. 25 தோட்டா பிடிக்கும் பிஎக்ஸ்-25 மேகசினும் ரூகரே விற்கிறது. அது வளைந்த பெட்டி வகை, உருளை கிடையாது. விளையாட்டாகச் சுட நன்றாக இருக்கும், ஆனால் தரையில் படுத்துச் சுடும்போது இடிக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்குத் தடை இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கையில் வாங்கியதும் முதலில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உலோகக் கட்டி) பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், கடைக்காரர் பார்த்துத் தந்திருந்தாலும் சரி. அப்புறம் போல்ட்டை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். புதிய துப்பாக்கியில் கொஞ்சம் சொரசொரப்பு சகஜம், ஐந்நூறு தோட்டா சுட்டால் வழுவழுப்பாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் மாட்டி நிற்கிறதென்றால் அந்தத் துண்டு வேண்டாம், இன்னொன்று கேளுங்கள். பேரலை ஒரு கையிலும் ரிசீவரை (போல்ட்டும் ட்ரிகரும் உட்காரும் நடு உடல்) மறு கையிலும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், துளி ஆட்டம்கூடக் கூடாது. குறிபார்க்க உதவும் முன், பின் குறிகள் இரண்டும் நேராக நிற்கின்றனவா, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.

பேரலின் வாயைத்தான் நான் ரொம்ப நேரம் பார்ப்பேன். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை வாயில் கொஞ்சம் நுழைத்து, விளிம்பைத் தொட்டபடி வெளியே இழுங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. பழைய துப்பாக்கி வாங்கும்போது இது இன்னும் முக்கியம். 10/22-இன் ரிசீவர் பின்பக்கம் மூடியிருப்பதால் சுத்தம் செய்யும் கம்பியைப் பலரும் வாய்ப்பக்கமாகவே விடுகிறார்கள், வருடக்கணக்கில் அந்த விளிம்பு தேய்ந்து கோணலாகிவிடுகிறது. இழுத்துச் சுத்தம் செய்யும் கயிறு பத்து, பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. முதல் நாளே அதை வாங்கிவிடுங்கள்.

பழையதில் இன்னொரு இடமும் உண்டு: ரிசீவரின் தலையில் ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) பலகை மாட்டும் நாலு சின்ன ஸ்க்ரூ துளைகள். ரிசீவர் அலுமினியம். யாராவது பலமாக முறுக்கியிருந்தால் மரை போயிருக்கும். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால், முன்னால் வைத்திருந்தவர் எப்படிக் கையாண்டிருப்பார் என்பது தெரிந்துவிடும்.

இதைவிட மலிவானவை இருக்கின்றன. சேவேஜ் 64, பிரேசிலிலிருந்து வரும் ராஸி ஆர்எஸ்22 இரண்டும் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சுடவும் சுடும், குறை சொல்ல மாட்டேன். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், தகர டப்பாவைக் குறிபார்த்துச் சுடுவதோடு சரி என்றால் மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடலாம். ஆனால் நாளைக்கு ட்ரிகர் மாற்ற வேண்டும், கட்டை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அவற்றுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. மார்லின் 60 வேறு ரகம். குழாய் மேகசின், அருமையான பேரல், பழையதில் நல்ல துண்டு கிடைத்தால் தொழிற்சாலை 10/22-ஐவிடத் துல்லியமாகவே சுடும். என்ன, உள்ளே தோட்டா ஊட்டும் பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் தேடி அலைய வேண்டும்.

இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், கடையில் 4473 படிவத்தை நிரப்பி பின்னணிச் சோதனை முடிய வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு, அதையும் உறுதி செய்துகொள்ளாமல் கடைப்பக்கம் போக வேண்டாம். நண்பருடைய துப்பாக்கிதானே என்று ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) கையில் எடுப்பதற்கும் இது பொருந்தும்.

சரி, வாங்கியாயிற்று. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடுவதற்கு முன் நாலைந்து வகைத் தோட்டாவை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். .22-இல் துப்பாக்கிக்குத் துப்பாக்கி பிடிக்கும் தோட்டா மாறும், அதை எந்த நிபுணராலும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. என்னுடையதில் பெரிய டப்பாவில் வரும் மலிவுத் தோட்டா 50 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சிதறுகிறது. அதே நாள், அதே கை, சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவைப் போட்டால் ஓர் அங்குலத்தை ஒட்டி வந்து நிற்கிறது. அந்தத் தோட்டாவின் வேகம் விநாடிக்கு 1070 அடி, ஒலியின் வேகத்துக்குக் கீழே. சிசிஐ மினி-மேக் 1235 அடியில் கிளம்புகிறது. வேகமான தோட்டா வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும், தூரம் கூடக்கூட அது தெரியும். ஆனால் போல்ட்டை நன்றாக உதைத்துத் தள்ளும், அழுக்கேறிய துப்பாக்கியும் ஓடும். மலிவு டப்பாவில் வெடிக்காத தோட்டா ஒன்றிரண்டு வந்தால் துப்பாக்கியைத் திட்டாதீர்கள். .22-இல் தீப்பற்றும் ரசாயனம் விளிம்பைச் சுற்றிப் பூசப்படுகிறது, எங்காவது பூச்சு விட்டுப்போய், ஊசி அங்கேயே அடித்தால் வெடிக்காது.

மாற்றுவதில் முதல் இடம் ட்ரிகருக்கு, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தொழிற்சாலை ட்ரிகரை இழுக்கச் சுமார் 6 பவுண்ட் அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையே 5 பவுண்ட்தான். அதைவிடக் கூடுதலான விசையை ஒரே விரலால் கொடுக்கும்போது மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ரூகரின் பிஎக்ஸ் ட்ரிகர் இரண்டரையிலிருந்து மூன்று பவுண்டில் இழுபடுகிறது, விலை 100 டாலருக்குள். மாட்டுவதும் சுலபம். மேகசினைக் கழற்றி, அறை காலி என்று உறுதி செய்துகொண்டு, கட்டையின் அடியில் இருக்கும் ஒரே ஸ்க்ரூவை எடுங்கள், முன்பக்க வளையம் இருந்தால் அதையும் தளர்த்துங்கள். பாதுகாப்புப் பொத்தானைப் பாதி வழியில் நிறுத்தினால்தான் ரிசீவர் கட்டையை விட்டு மேலே வரும், இல்லாவிட்டால் பொத்தான் கட்டையில் இடிக்கும். பலர் சிரமப்படுவது இந்த இடத்தில்தான். பிறகு இரண்டு ஊசிகளைத் தள்ளினால் ட்ரிகர் தொகுதி முழுசாகக் கையோடு வந்துவிடும். புதியதை வைத்து ஊசிகளைத் திரும்பச் செருகினால் முடிந்தது. பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ட்ரிகரின் பாகங்களை வீட்டில் அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். கொஞ்சம் கூடிப்போனாலும் தானாக வெடிக்கிற, ஒரே இழுப்பில் இரண்டு சுடுகிற துப்பாக்கியாக மாறிவிடும். உயிருக்கும் ஆபத்து, சட்டத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

சில்லறை விலையில் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. போல்ட் பின்னால் போய் மோதும் எஃகு ஊசிக்குப் பதில் ரப்பர் மாதிரியான ஊசி போட்டால் டங் டங் சத்தம் அடங்கும். பழைய மாடல்களில் திறந்து வைத்த போல்ட்டை மூட, ஒரு கையால் பின்னால் இழுத்துக்கொண்டே அடியில் இருக்கும் சின்னத் தகட்டை அமுக்க வேண்டும். இழுத்துவிட்டாலே மூடிக்கொள்ளும்படி செய்யும் மாற்றுத் தகடு கிடைக்கிறது. கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் திறந்து நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். காலி என்று ஊகிக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது குறி. ஆப்பிள்சீட் என்று தன்னார்வலர்கள் நடத்தும் துப்பாக்கிப் பயிற்சி இருக்கிறது, 25 மீட்டரில் சுடச் சொல்லிக்கொடுப்பார்கள், 250-க்கு 210 எடுத்தால் ரைஃபிள்மேன் பட்டை தருவார்கள். அங்கே வருகிறவர்கள் கையில் அதிகம் இருப்பது இந்த 10/22-தான். பின்னால் துளைக்குறி, ஒரு தோள்வார், அவ்வளவுதான் அவர்கள் மாற்றியிருப்பது. அவர்கள் சுடுவதைப் பார்த்த பிறகு, 500 டாலர் ஸ்கோப்பை இந்தத் துப்பாக்கியின் மேல் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. கண் பார்வைக்கு ஸ்கோப் வேண்டும் என்றால் இரண்டிலிருந்து ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் எளிய 2-7 போதும், பலகை பெட்டியிலேயே வருகிறது.

பேரல் மாற்றுவது கடைசி. இதற்கு இயந்திரப் பட்டறை தேவையில்லை, வி வடிவக் கட்டியும் இரண்டு ஆலன் ஸ்க்ரூவும்தான் பேரலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கழற்றினால் பேரல் வழுக்கிக்கொண்டு வரும். இந்த வசதியால்தான் மாற்றுப் பேரல் சந்தை இவ்வளவு பெருத்தது, தரமில்லாத சரக்கும் அதில் நுழைந்தது அதனால்தான். நான் வாங்கிய ஒரு மலிவுக் கனப் பேரலின் அறை அளவுக்கு மீறி இறுக்கம். சுட்ட வெற்றுக்கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது, கடைசியில் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. செமி-ஆட்டோவுக்குப் பெண்ட்ஸ் அறை (போட்டித் துப்பாக்கியின் இறுக்கமான அறைக்கும் சாதாரண அறைக்கும் நடுவான அளவு) என்று கேட்டு வாங்குங்கள், துல்லியமும் கிடைக்கும், கூடும் வெளியே வரும். 0.920 அங்குலக் கனப் பேரலுக்குப் பழைய கட்டையின் பள்ளம் போதாது, கட்டையையும் மாற்ற வேண்டியிருக்கும். மேக்புல் ஹண்டர் எக்ஸ்-22 இரண்டு தடிமனுக்கும் ஒத்துப்போகிறது, அடிக்கட்டையின் நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். எந்தப் பேரல் போட்டாலும் 16 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள், அதற்கு மத்திய அரசின் தனிச் சட்டம் இருக்கிறது.

ஆனால் இவ்வளவையும் கூட்டிப் பாருங்கள். பேரல், கட்டை, ட்ரிகர் மூன்றும் சேர்ந்தால் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும். மேசையில் சாய்த்து வைத்துக் காகிதத்தில் ஒரே ஓட்டை போட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அந்தப் பணத்துக்கு ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் சிஇசட் 457 போல்ட்-ஆக்‌ஷன் வாங்குங்கள், பெட்டியைப் பிரித்ததுமே அது அந்த வேலையைச் செய்யும். விட்டு விட்டுச் சுடாமல் பத்தையும் தொடர்ந்து குறிபார்த்துச் சுடும் சுகத்துக்கும் பிள்ளைகளுக்கு மேற்பார்வையோடு கற்றுக்கொடுப்பதற்கும்தான் 10/22.

எந்த மாடல் என்று கேட்டால், கட்டையை மாற்றப் போகிறவர்கள் இருப்பதிலேயே மலிவான பிளாஸ்டிக் கட்டை கார்பைனை எடுங்கள், மாற்றாதவர்களுக்கு மரம். 2012-இல் வந்த டேக்டவுன் இரண்டாகப் பிரிந்து பைக்குள் போகும், பயணத்துக்கு வசதி. அதில் இரும்புக் குறிகள் இரண்டும் பேரலிலேயே இருப்பதால் கழற்றி மாட்டினாலும் குறி மாறாது. ஸ்கோப் ரிசீவரின் மேல் உட்காருவதால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கொஞ்சம் நகர வாய்ப்புண்டு. பேரல் மாட்டும் இடத்தில் இருக்கும் வளையத்தை முதல் தடவை சரியாக இறுக்கி வைத்தால் அந்த நகர்வு வெகுவாகக் குறையும்.