பெலும், ஜெராய், தைப்பிங்: மே கடைசி வார இறுதிக்கு எது?

மே கடைசியில் பள்ளி விடுமுறை நெருங்கினால் சுங்கை சிப்புட் வீடுகளில் ஒரே பேச்சுதான்: சனி, ஞாயிறுக்கு எங்கே போகலாம்? பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு நிஜக் காடு வேண்டும். வடக்கே காட்டுக்குக் குறைவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் அடிபடும் பெயர்கள் மூன்று: பேராக்கின் ராயல் பெலும் காடு, கெடாவின் ஜெராய் மலை, தைப்பிங். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் கையில் இரண்டே நாள், கூடவே பாட்டியும் பிள்ளைகளும் என்றால் கணக்கு மாறிவிடும்.

முதலில் மழை. ஏப்ரல், மே இரண்டும் பருவக்காற்று மாறுகிற மாதங்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று நிலைத்த பிறகு கொஞ்சம் அடங்கும். மே கடைசியில் அதை நம்பித் திட்டம் போட முடியாது. அதனால் எந்த இடத்தைச் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்று மணிக்கு மழை பிடித்தால் அங்கே என்ன செய்வது?

பெலும் காட்டின் பரப்பு 117,500 ஹெக்டர். சிங்கப்பூரைவிடப் பெரியது. 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் ஏறியது. கோலகங்சார், லெங்கோங், கெரிக் தாண்டி, கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பண்டிங் தீவு வரை காடி போகும். அப்புறம் எல்லாம் படகுதான். தெமெங்கோர் ஏரி எழுபதுகளில் அணை கட்டித் தேக்கியது. அப்போது மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்றும் தண்ணீருக்கு மேலே வெளுத்துப்போய் நீட்டிக்கொண்டு நிற்கும். படகோட்டி அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டுவதைப் பார்க்கவே போகலாம். நம் பக்கத்து செண்டரோ அணைக்கு வரும் தண்ணீரும் இங்கிருந்து இறங்கி வருவதுதான்.

மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன. சரி, மே கடைசியில் போனால் எத்தனை கண்ணில் படும்? கூட்டங்கூட்டமாக நூற்றுக்கணக்கில் பறக்கும் காட்சி ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான். ரஃப்லேசியா பூவும் அதிர்ஷ்டம்தான். விரிந்த ஒரு வாரத்துக்குள் கறுத்து அழுகிவிடும். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். படகுக் கட்டணம் பெரும்பாலும் படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல. பத்துப் பேர் சேர்ந்தால் தாங்கும். ஒரு குடும்பம் மட்டும் போனால் வெள்ளி கரைந்துவிடும். மழைக்குப் பிறகு காட்டுப்பாதையில் அட்டை வேறு. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு நடக்கப் பாட்டியை யார் சம்மதிக்க வைப்பது?

இன்னொன்று, சாலை. 2025 மே மாதம் இந்த நெடுஞ்சாலையில் லோரி மோதி ஒரு குட்டியானை செத்தது. தாய் யானை நகராமல் அந்த லோரியை முட்டிக்கொண்டே நின்றதை நாடே பார்த்தது. இருட்டிய பிறகு அங்கே காடி ஓட்டவே கூடாது என்பது என் கட்சி. அப்படியென்றால் சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி, ஞாயிறு மதியமே திரும்ப வேண்டும். நடுவில் மழையும் பிடித்தால் படகுவீட்டில் உட்கார்ந்து மெகி கிளறித் தின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

ஜெராய் மலை இதற்கு நேர்மாறு. 1,217 மீட்டர். குரூண் பக்கமிருந்து ஏறும் சாலை குறுகல், வளைவு அதிகம், ஆனால் தங்கும் விடுதி வரை காடியிலேயே போய்விடலாம். வானம் தெளிந்திருந்தால் கீழே கெடா வயல்வெளியும் அப்பால் கடலும் தெரியும். மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கும் காடிகூடத் தெரியாது. அடிவாரத்தில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்தப் பக்கம்தான் என்று சொன்னால் பிள்ளைகள் பெரிய கோபுரத்தை எதிர்பார்ப்பார்கள். அங்கே இருப்பது கருங்கல் அடித்தளமும் தூண் நின்ற கற்களும்தான். மேற்கூரை மரமாக இருந்து மக்கிப்போயிற்று. முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் முகம் தொங்கிவிடும். எனக்கு அந்தக் கற்களே போதும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறன்று உள்ளூர்க் கூட்டம் வேலைக்குப் போய்விடும், அதனால் மலைக்கு ஞாயிறு போவதே உத்தமம். ஆற்றுக் குளியலை மட்டும் மழை நாளில் மறந்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் இந்த மலையிலிருந்து மரமும் பாறையுமாக இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களை வாங்கியது.

தைப்பிங்கை நம்மவர்கள் காட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, பக்கத்து ஊர்தானே என்று. ஆனால் தீபகற்பத்தில் அதிகம் மழை கொட்டும் ஊர் அது. இன்று எத்தனை மணிக்குப் பெய்யும் என்று ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். அங்கே மழைக்குத் தயாராகத்தான் போகிறோம், அதனால் ஏமாற்றமும் இல்லை. ஈயம் தோண்டிய குழிகளை 1880 முதல் ஏரிப்பூங்காவாக மாற்றினார்கள். கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் சாலையைத் தாண்டிப் போய்த் தண்ணீரைத் தொடுகின்றன. பாட்டி பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். மேலே புக்கிட் லாருட் மலை உண்டு, ஆனால் மண்சரிவால் அந்தப் பாதை பலமுறை மூடப்பட்டிருக்கிறது. விசாரிக்காமல் அதை நம்பிப் போகாதீர்கள்.

நிஜக் காடு அங்கிருந்து சிறிது தூரத்தில், கோல செபெத்தாங்கில். மாத்தாங் அலையாத்திக் காடு சுமார் 40,000 ஹெக்டர். வெட்டிய இடத்தில் மறுபடி வளரவிட்டு, முப்பது ஆண்டு கழித்தே திரும்ப வெட்டுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த முறை நடக்கிறது. அந்த மரம் போய்ச் சேரும் இடம் கரிச்சூளை. அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே, கவிழ்த்த பானை மாதிரி ஆளைவிட உயரமான செங்கல் சூளைகள். உள்ளே கட்டைகளை நிறுத்தி வைத்து வாரக்கணக்கில் புகைய விடுவார்கள். வெந்ததா இல்லையா என்று சூளைக்காரர் சொல்வது புகையின் வாசனையை வைத்து. வெளியே மழை கொட்டினாலும் இதைப் பார்க்கத் தடையில்லை. இரவு மழை விட்டால் படகில் மின்மினி பார்க்கலாம்.

பினாங்கு தேசியப் பூங்காவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். தெலுக் பஹாங் நல்ல இடம், கெராச்சுட் கடற்கரைக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட வரும் காலமும் இதுதான். ஆனால் விடுமுறையில் பாலத்து நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும்.

பாட்டியோடு சாதாரண சனி, ஞாயிறு என்றால் என் ஓட்டு கோல செபெத்தாங்குக்கே, இரண்டாவது ஜெராய். பெலும் போயே தீர வேண்டும் என்பவர்கள் ஜூன் முதல் திங்களில் வரும் பேரரசர் பிறந்தநாள் விடுமுறையைச் சேர்த்து மூன்று நாளாகப் போங்கள். பத்துப் பேரை இப்போதே பிடித்துவிடுங்கள். படகுக்காரரிடம் பேசும்போது அனுமதியும் சாப்பாடும் விலையில் அடக்கமா என்று கேட்டு, வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.