டிபி-5எம்எஸ் கேப்பிலரி குழல்: விலைக்கேற்ற உழைப்பு உண்டா?

கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கேஸ் குரோமடோகிராஃபி (ஜி.சி.) கருவியின் மெல்லிய குழல் இது. 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம், உட்சுவரில் 0.25 மைக்ரான் படலம். விலை கையைக் கடிக்கும். ஆனால் ப்ளீடிங் (சூட்டில் படலம் சிதைந்து வெளியேறுவது) குறைவு என்பதால் ஜி.சி.-எம்.எஸ். (பிரித்த பொருள்களை அயனிகளின் நிறையால் அடையாளம் காணும் கருவி) வேலைக்கு இதையே சொல்வோம். தொடர்ந்து ஓட்ட 325 டிகிரி செல்சியஸ் வரை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 350 வரை.

பீக் (வரைபடத்தில் ஒரு பொருளைக் காட்டும் முகடு) வால் விட்டால் உடனே குழலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் இன்லெட்டில் (மாதிரியைச் செலுத்தும் இடம்) உள்ள லைனரையும் (கண்ணாடிக் குழாய்) செப்டத்தையும் (ஊசி துளைக்கும் ரப்பர் மூடி) மாற்றுங்கள். தீரவில்லையென்றால் இன்லெட் பக்கம் 15-20 செ.மீ. வெட்டுங்கள். நட்டையும் ஃபெரூலையும் (கசிவைத் தடுக்கும் வளையம்) கோத்த பிறகே வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டினால் ஃபெரூலின் கிராஃபைட் தூள் குழலின் வாய்க்குள் போய்விடும். செராமிக் தகட்டால் லேசாக ஒரே கீறல், பிறகு ஒடித்தால் போதும். அழுத்தி அறுத்தால் வாய் பிசிறடிக்கும், லென்ஸில் பார்த்தாலே தெரியும். வெட்டிய நீளத்தை மென்பொருளில் கழிக்கப் பலரும் மறக்கிறார்கள். பிறகு ஃப்ளோ (வாயு ஓட்டம்) கணக்கு தப்பும்.

பெரிய எதிரி ஆக்சிஜன். சூட்டில் காற்று கசிந்தால் படலம் சிதைந்து நிறை எண் 207 உள்ள அயனி ஏறும் (செப்டம் துணுக்கும் அதே 207-ஐக் காட்டும், ஏமாறாதீர்கள்). குழல் இருக்கும் அடுப்பைச் (ஓவன்) சூடாக்கும் முன் அறை வெப்பத்தில் 20 நிமிடம் ஹீலியம் ஓடட்டும். வெஸ்பெல் என்ற பிளாஸ்டிக்கும் கிராஃபைட்டும் கலந்த ஃபெரூல் முதல் சில ஓட்டங்களில் சுருங்கும். நட்டை மறுபடி சற்றே இறுக்கி, காற்றுக் கசிவு உண்டா என்று 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) அயனிகளைப் பாருங்கள்.