ரூகர் பிசி கார்பைன்: மாட்டியதும் கழற்றியதும்

டாலஸ் பக்கம் துப்பாக்கி வாங்கும் நம் ஆட்கள் ஒன்று பிஸ்டலோடு நிறுத்திக்கொள்வார்கள், இல்லையென்றால் நேராக ஏஆர்-15 ரைஃபிளுக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் இன்னொரு ரகம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பிஸ்டல் தோட்டாவைச் சுடும் நீளத் துப்பாக்கி. ஊரில் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பீர்களே, கான்பூரில் செய்த 9 எம்எம் ஸ்டெர்லிங் கார்பைன், அதற்கு இது தூரத்து உறவு. அது விசையை அழுத்திப் பிடித்தால் பொழியும். இதில் ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டாதான்.

நான் வைத்திருப்பது ரூகர் பிசி கார்பைன், 9 எம்எம். 2017 கடைசியில் அறிமுகமான மாடல். குழல் 16 அங்குலத்துக்குச் சற்று அதிகம், எடை 6.8 பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் பிரித்து இரண்டு துண்டாகப் பையில் போடலாம். இதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் டப்பா. பெட்டியிலேயே கிளாக் பிஸ்டலின் மேகசினைச் செருகும் கூடு ஒன்று தருகிறார்கள். ஸ்டாக் என்கிற தோள்கட்டையிலிருந்து துப்பாக்கியைக் கழற்றிக் கூட்டை மாற்றிவிட்டால், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் கிளாக் 17 மேகசின்களே போதும். தோட்டா விலையும் ஏஆர் தோட்டாவில் பாதிக்குப் பக்கம்தான். ரைஃபிள் தோட்டாவை உள்ளே விடாத இன்டோர் ரேஞ்சுகள்கூட இதைத் தடுப்பதில்லை. வாசலில் தோட்டா மேல் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் இரும்பு, அது மட்டும் கூடாது.

9 எம்எம் தானே, தோளில் பூ மாதிரி இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் முதல் சுடலிலேயே புருவம் தூக்குவார்கள். இது ப்ளோபேக் வகை. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பூட்டி வைக்க ஒன்றும் கிடையாது. அதன் கனமும் ஸ்பிரிங்கும்தான் தோட்டா குழலைவிட்டுப் போகும்வரை தாக்குப்பிடிக்கின்றன. அந்தக் கனம் பின்னால் ஓடிவந்து மோதும்போது தோளில் 'தொம்' என்று ஒரு தள்ளு வரும். ரூகர்காரர்கள் போல்ட்டுக்குள் நகரும் டங்ஸ்டன் கட்டி ஒன்றை வைத்து அதைக் குறைத்திருக்கிறார்கள். வேறு ப்ளோபேக் துப்பாக்கிகளையும் சுட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், வித்தியாசம் தெரிகிறது. ஏஆர் பக்கமே வராத என் மனைவி இதில் தோட்டாப் பெட்டி தீரும்வரை நகரமாட்டாள்.

குறை என்றால் கனம் முழுக்க மூக்கில் இருப்பது. குழல் தடிமன். அதனால் இதற்கு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றே: முன்பாதியில் எதையும் தொங்கவிடாதீர்கள். லைட், கைப்பிடி, பைபாட் என்று மாட்டிக்கொண்டு போனால் கடைசியில் ஏஆரைவிடக் கனமான, ஏஆரைவிட வலுவில்லாத ஒரு சாமான்தான் கையில் மிஞ்சும்.

குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் மட்டும் கட்டாயம். நான் மாட்டியிருப்பது ஹோலோசன் 403. தாழ்வான மவுண்ட், நாணயம் போன்ற ஒரு பேட்டரி, வேறு தொல்லை இல்லை. இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். டாட் குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. 25 கஜத்துக்கு ஜீரோ செய்துவிட்டு (அதாவது குறியும் ஓட்டையும் அங்கே ஒன்றாகும்படி திருத்திவிட்டு) ஏழு கஜத்தில் தாளில் ஒரு சின்ன வட்டத்தைக் குறிவைத்தால், ஓட்டை ஒன்றரை அங்குலம் போலக் கீழே விழும். இரும்புத் தகடுகளைச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் ஸ்மோக் அண்ட் ஹோப் மாதிரி பெரிய தகடுகள் உள்ள ஸ்டேஜில் இது தெரியவே தெரியாது. தாளில் சிரிப்பாய்ச் சிரிக்கும். அடுத்தது, துப்பாக்கியோடு வரும் இரும்பு சைட் (குறிமுள்) இரண்டும் குழல் மேலேயே இருப்பதால் துப்பாக்கியைப் பிரித்துச் சேர்த்தாலும் அவற்றின் ஜீரோ நகராது. டாட் பின்பாதியில் இருக்கிறது, அது நகரலாம். இணையும் இடத்தில் ஒரு திருகு வளையம் உண்டு, அதை ஆட்டம் இல்லாதபடி சரியாக இறுக்கி வைத்தால் என்னுடையதில் 25 கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள்தான் விலகுகிறது.

குழல் முனையில் மரை இருக்கிறதே என்று பலர் மசில் பிரேக், அதாவது வாயுவைத் திருப்பி உதையைக் குறைக்கும் துண்டு, வாங்குகிறார்கள். ரேஞ்சில் பழக்கமான ஒருவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார், திருகிச் சுட்டுப் பார்த்தேன். பக்கத்து லேன்காரர் திரும்பி முறைத்ததைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. பெரிதாக இருக்கவும் முடியாது. 9 எம்எம் மருந்து 16 அங்குலத்துக்கு முன்பே எரிந்து தீர்ந்துவிடும், முனையில் பிரேக்கைத் தள்ளும் அளவுக்கு வாயு அழுத்தம் எங்கே மிச்சம்? குழல் இவ்வளவு நீளமாக இருப்பதே தோட்டாவுக்காக இல்லை, சட்டத்துக்காக. அமெரிக்காவின் 1934 துப்பாக்கிச் சட்டம் ரைஃபிள் குழலுக்கு 18 அங்குலம் என்றது, 1960இல் 16 ஆக்கினார்கள். அதற்குக் கீழே போனால் தனிப் பதிவு.

காசு செலவழிக்கத் தோன்றினால் மேக்புல் பேக்பேக்கர் ஸ்டாக் நல்லது. பிரித்த முன்பாதி அதிலேயே கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளும். கன்னம் வைக்கும் இடமும் தொழிற்சாலை ஸ்டாக்கைவிட வசதி. போல்ட்டை இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலை இடது பக்கம் மாற்றுங்கள், அதற்குக் காசே வேண்டாம், வலதுகை பிடியை விட்டு நகர வேண்டியிருக்காது. தோளில் மாட்ட ஒரு சாதாரண ஸ்லிங். அவ்வளவுதான். சுத்தம் செய்வது மட்டும் சலிப்பு. ப்ளோபேக் ஆதலால் கரி முழுக்க உள்ளே வந்து படியும், போல்ட் முகத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் கை கன்னங்கரேல்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்துதான் கையில் தருவார்கள். கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. எச்1பி-யில் இருப்பவர்களுக்கு மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதே தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரிச் சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு நிமிஷம் சுட்டாலும் அதே தடைதான், எனவே நண்பன் கூப்பிட்டான் என்று போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டுப் பெட்டியின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். டெக்சாஸில் குண்டு போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால் குற்றம்.

ட்ரிகர் சுமார்தான். ரூகரின் .22 ரைஃபிளான 10/22இன் பாகங்கள் சில இதற்கும் பொருந்தும் என்பதால் மாற்றுவது எளிது. இந்த ட்ரிகரிலேயே தகடு விழுந்துகொண்டிருப்பதால் நான் இன்னும் தொடவில்லை.