பெரியவர்களுக்கான பம்பர்ஸ்: அம்மாவோடு நாலு வருட அனுபவம்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது 2021 மாரியில். ஆஸ்பத்திரியிலிருந்து கல்லடி வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, பாமசியில் இருந்ததிலேயே பெரிய சைஸ் பம்பர்ஸ் பக்கற்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரிசென்றால் சலம் (சிறுநீர்) கூடப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். அன்றிரவு மூன்று தரம் விரிப்பு மாற்றினோம்.

இரண்டு கிழமை கழித்துத்தான் தைக்கிற டேப்பை எடுத்து அளந்தேன். அம்மாவின் இடுப்பு 33 அங்குலம், பின்பக்கச் சுற்று 37. இரண்டில் பெரிய அளவை வைத்து, பக்கற்றில் அச்சடித்திருக்கும் அளவோடு பார்த்தால் அவருக்கு ‘M’ சைஸ்தான். பெரிய சைஸில் தொடையோரம் வாய் பிளந்து நிற்கும், சலம் அதற்குள்ளால் ஓடிவிடும். இன்னொன்றையும் ஒரு நேர்ஸ் காட்டித் தந்தார். தொடையோரத்தில் உள்ளே நிற்கிற சுருக்கு ஓரத்தை, கட்டி முடித்ததும் விரலைவிட்டு நேராக்கி நிமிர்த்திவிட வேண்டும். அது மடிந்து கிடந்தால் எந்த விலையானதும் ஒழுகும். எங்கள் வீட்டில் பாதி ஒழுக்கு அதோடு நின்றது.

கடையில் இரண்டு வகை இருக்கும். இரவில் பக்கத்தில் ஒட்டுகிற வகைதான் எங்களுக்குச் சரி, படுத்தபடியே மாற்றலாம். பகலில் அம்மா பொல்லைப் பிடித்து நடப்பார், அதற்கு ஜட்டி மாதிரிப் போடுகிற வகை. கழற்றும்போது இரு பக்கத் தையலையும் கிழித்துவிட்டால் காலால் இழுக்கத் தேவையில்லை.

எது நல்லதென்று பார்க்க, ஒருநாள் கோப்பையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அது ஏமாற்றுகிற சோதனை. உள்ளே இருக்கிற மணிகள் தண்ணீரை இழுக்கிற அளவுக்கு உப்புள்ள சலத்தை இழுக்காது. ஓரிரவு கட்டிவிட்டு விடிய விரிப்பைத் தொட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. புது வகை என்றால் முதலில் சின்னப் பக்கற்றாக வாங்குங்கள்.

2022 இல் சாமான் விலை ஏறியபோது பகலில் பழைய பருத்திச் சீலையை மடித்துக் கட்டினோம். துணி நல்லதுதான், ஆனால் நனைந்தவுடன் மாற்ற வேண்டும். செலவைக் குறைக்க ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு பம்பர்ஸ் கட்டியும் பார்த்தேன். உள்ளதின் வெளிப்பக்கம் பிளாஸ்ரிக், அதைத் தாண்டி வெளியே உள்ளதுக்கு ஒன்றும் போகாது. காசுதான் வீண்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தோலைக் கூடக் கவனிக்க வேண்டும். அந்த வெக்கையில் அம்மாவின் தொடையிடுக்கு சிவந்து எரிந்தது. பவுடர் போட்டேன், அது ஈரத்தில் கட்டிபட்டு இன்னும் உரஞ்சியது. இப்போது சவுக்காரம் கிடையாது. இளஞ்சூட்டுத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, சிங்க் ஒக்சைட் கிரீமை மெல்லிசாகத் தடவுகிறேன். மலம் போனால் ஒரு நிமிடமும் வைப்பதில்லை. சிவப்புக்குச் சுற்றிவரச் சின்னச் சின்னப் புள்ளியும் வந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம், டொக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது வேறு. அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். பக்கத்தில் வைத்த செம்பு அப்படியே இருக்கும். “நான் என்ன கைப்பிள்ளையா மகள்?” என்று ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். சலம் கடும் மஞ்சளாகி, மணத்து, காய்ச்சலும் வந்தது. சலத்தில் கிருமி என்றார் டொக்டர். தண்ணீரைக் குறைத்தால் சலம் தடித்துச் சலப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும் என்று அம்மாவுக்கே விளங்கப்படுத்தினார். மலச்சிக்கலையும் பார்க்கச் சொன்னார், அதுவும் சலப்பையை அமர்த்துமாம். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் ஆறு மாதம் சொல்லாமலே இருந்தோம்.

அதன்பிறகு எழும்பியவுடன், சாப்பிட்டபின், நடுவில் இரண்டரை மணிக்கொரு தரம் கொமட் கதிரையில் இருத்துகிறோம். ஒரு நாளைக்கு ஆறு பம்பர்ஸ் போனது, இப்போது மூன்று. ‘பம்பர்ஸ்’ என்ற சொல்லையும் வீட்டில் நிறுத்திவிட்டோம். ‘உள்ளுடுப்பு’ என்றுதான் சொல்கிறோம், பேரப்பிள்ளைகளும் அப்படித்தான்.

கழித்ததை எரிக்கவோ கிணற்றடியில் புதைக்கவோ வேண்டாம். மலத்தைக் கக்கூசில் தட்டிவிட்டு, உருட்டி ஒட்டி, பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கிறோம்.

போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் அம்மா. போடுகிற வகைக்குள் மேலதிகமாக, சலத்தை உறிஞ்சுகிற ஒரு பாட் (pad) வைத்தேன், பின்பக்கம் பிளாஸ்ரிக் இல்லாத வகை. மாற்று இரண்டும் ஈரத் துணியும் பையில். கடும் நீலச் சீலையை அவரே தெரிந்தெடுத்தார். தீர்த்தக் குளத்தடியில் சனத்துக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்தார். திரும்பி வரும்போது ஆட்டோவை நிற்பாட்டச் சொல்லி இளநீர் கேட்டு, முழுவதையும் குடித்தார்.