ஸ்கேனுக்கு ஸ்கேன் பிரசவ தேதி தள்ளிப் போனால் சும்மா இருக்காதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கர்ப்பிணி இருக்கிற வீட்டார் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஈசிஆர் ஓரத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் என் தங்கைக்கு நடந்தது இது.

மாதாமாதம் போனதும் வெயிட் மெஷினில் ஏற்றுவார்கள். "நல்லா ஏறுதும்மா, பிள்ளையும் நல்லா வளருது" என்பார்கள். ஏறாத மாதம் அவர்கள் மருந்துக்கடையிலேயே புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்வார்கள். ஒரு தடவைகூட வயிற்றில் டேப் வைத்து அளக்கவில்லை. தங்கை ஒல்லி, கர்ப்பமானபோது 41 கிலோதான். அப்படிப்பட்டவர்களுக்குக் குழந்தை சிறுத்துப்போக வாய்ப்பு அதிகம், கூடுதலாகப் பார்த்திருக்க வேண்டும். வளைகாப்புக்குப் பிறகு ஒரே மாதத்தில் 4 கிலோ ஏறியது. கிளினிக்கில் பாராட்டினார்கள். அப்போது அவள் கால் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து கழற்றவே முடியவில்லை. "இந்த வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மா எடை ஏறுவதாலேயே குழந்தை வளர்கிறது என்று ஆகாது. திடீரென்று ஏறினால் அது உடம்பில் தங்கிய நீராக இருக்கலாம், உடனே பிரஷர் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசம் ஸ்கேன் விஷயம். ஒன்பதாவது வாரம் எடுத்த முதல் ஸ்கேனில் பிரசவ தேதி அக்டோபர் 6. அடுத்ததில் அக்டோபர் 15. கடைசியில் அக்டோபர் 27. ஏன் என்று கேட்டோம். "முதல்ல தப்பா கணக்குப் போட்டுட்டாங்க" என்று சொல்லி, ஃபைலில் பழைய தேதியை நீல மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுசாக எழுதினார்கள்.

ஸ்கேன் மெஷின் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பை அளந்து அந்த அளவுக்கு எத்தனை வாரம் என்று காட்டுகிறது. குழந்தை வளராமல் நின்றால் வாரம் குறைவாகத்தான் வரும், தேதியும் பின்னால் போகும். முதல் மூன்று மாத ஸ்கேனில் தேதி பிசகினால் ஒரு வாரத்துக்குள்தான் பிசகும். கடைசி மூன்று மாதத்தில் மூன்று வாரம் வரைகூடப் பிசகும். அதனால் முதலில் குறித்த தேதியை வைத்துத்தான் பிறகு வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். இவர்கள் தேதியை நகர்த்தி நகர்த்தி, சிறுத்துப்போன குழந்தையைச் சரியான அளவு என்று காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பணம் கட்டியது நாங்கள்.

தேவிபட்டினம் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, பிக்மி நம்பரில் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) பதிய வந்த கிராம செவிலியர் அக்கா கட்டிலில் படுக்கவைத்து இன்ச் டேப்பை எடுத்தார். முதல் ஸ்கேன்படி 33 வாரம். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பை உச்சி வரை 28 சென்டிமீட்டர்தான். 24 வாரத்துக்குப் பிறகு வாரமும் சென்டிமீட்டரும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டுமாம். பிரஷர் 150/100. "இப்பவே கிளம்புங்க" என்றார், 108க்கும் அவரே போன் போட்டார். அந்த அக்காவை எங்கள் குடும்பம் மறக்காது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில், ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சு (நஞ்சுக்கொடி) சரியாக வேலை செய்யாததால் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. யூரினில் புரதம் போயிருந்தது. குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, தினமும் இதயத்துடிப்பு பார்த்து, 34 வாரம் முடிந்ததும் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். 1.5 கிலோ. பச்சிளங்குழந்தை வார்டில் வைத்திருந்து, அப்புறம் கங்காரு முறையில் அம்மா நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்துத் தேற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், எங்கே போனாலும் கையில் கொண்டு போங்கள். பிற்பாடு தேதியை மாற்றினால் "அப்போ குழந்தை வளரலையா? டாப்ளர் எடுக்கணுமா?" என்று நேராகவே கேளுங்கள். டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். கால், முகம் வீங்கினால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தை அசைவு குறைந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எடை குறைவு என்று டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்காதீர்கள். நஞ்சில் கோளாறு இருந்தால் எந்தப் பவுடரும் அதைச் சரி பண்ணாது.

மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். தேதி அடித்து எழுதிய பக்கத்தின் நகலையும் மூன்று ஸ்கேன் ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறோம். கிளினிக் தரப்பில் இதுவரை யாரும் எங்களிடம் பேசவில்லை.