எச்சரிக்கை: அப்பாவின் பழைய டிரம்ஸ் செட்டும் என் 68,000 ரூபாயும்

முந்தாநாள் சாயங்காலம்தான் செட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை, கோபத்தில் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 68,000 ரூபாய். அதோடு போயிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் படுத்திருப்பேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். சென்னையில் இசைக்கருவி ரிப்பேர் செய்யும் கடை, "வின்டேஜ் ரெஸ்டோரேஷன்" என்று வீடியோ போடுகிற ஆள். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் என்று திருவிழாக் கச்சேரி எல்லாம் சுற்றியவர். 1974இல், பொன்மலை காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது இந்த செட்டை விற்றது. 1,800 ரூபாய். அம்மாவின் வளையல் ஒரு ஜோடி அடகுக்குப் போனது. (மீட்டது 1979இல் என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்காட்டினார்.)

1966ஆம் வருஷத்து லுட்விக், அமெரிக்கக் கம்பெனி. 22 அங்குல பேஸ் டிரம், 13 அங்குல டாம் (மேலே மாட்டும் சின்ன டிரம்), 16 அங்குல ஃப்ளோர் டாம் (காலூன்றித் தரையில் நிற்பது). அப்பா இதை "முத்து செட்" என்பார். ஷெல்லுக்கு, அதாவது டிரம்மின் மரக்கூட்டுக்கு, மேலே ஒட்டியிருக்கும் செல்லுலாய்டு உறையை, டிரம்ஸ்காரர்கள் ராப் என்பார்களே, அது சிப்பியின் உள்பக்கம் மாதிரி மின்னும் வெள்ளை. வெள்ளை என்று சொன்னாலும் வருஷம் ஆக ஆக அது பழுத்து வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். எங்களுடையது அதையும் தாண்டி நெய் நிறம். ஃப்ளோர் டாமின் கீழ்விளிம்பில் ராப் கொஞ்சம் எழும்பியிருந்தது. பழைய சொந்தக்காரர் சிகரெட்டால் சுட்ட தழும்பு ஒன்று. பேஸ் டிரம்மில் வளையத்தை ஒட்டி, ஐம்பது வருஷ ஆயுத பூஜைக் குங்குமம் ஊறிப்போய் ஒரு செம்மண் நிறத் திட்டு. துடைத்தாலும் போகாது.

தை மாதம் அப்பாவுக்கு எண்பது. அதற்குள் செட்டைச் சரி பண்ணிக் கொடுத்து, வீட்டு ஆட்கள் முன்னால் அவரை உட்காரவைத்து வாசிக்கவைக்க வேண்டும் என்பது என் ஆசை. புது ராப் போடுவதா, அப்படியே விடுவதா என்று மூன்று மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். அண்ணன் "பளபளன்னு சிவப்புல போட்டுருடா" என்றான். அப்பாதான் "அதைத் தொடாதீங்கப்பா, துருவை மட்டும் எடுங்க" என்றார். படித்துப் பார்த்த வரையில் அப்பா சொன்னதுதான் சரி. ஒரிஜினல் ராப் போன பழைய செட்டுக்கு விலை பாதியாக இறங்கும் என்பது சேகரிக்கிறவர்கள் மத்தியில் வழக்கமான பேச்சு. எனக்கு விற்கிற எண்ணம் இல்லை, ஆனாலும்.

இதோடுதான் அந்தக் கடைக்குப் போனேன். நான் விழுந்த இடத்தை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள்.

அவன் எங்களிடம் எதையும் விற்கப் பார்க்கவில்லை. முதல் வார்த்தையே, "அண்ணா, தயவுசெஞ்சு இதை ரெஃபினிஷ் பண்ணச் சொல்லிடாதீங்க." டாமின் ஹெட்டை, அதாவது அடிக்கிற தோலை, கழற்றி, ஹெட் உட்காரும் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினான். "பாருங்கண்ணா, அந்தக் கால விளிம்பு, உருண்டையா இருக்கு. இதைக் கூரா சீவிட்டா அந்த சத்தம் செத்துச்சு." உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். வெள்ளைப் பெயின்ட், அதில் சிவப்பு மையில் குத்திய தேதி முத்திரை. "அக்டோபர் 1966. இந்த முத்திரைதாண்ணா இதோட ஜாதகம்." 1964இல் அமெரிக்க டிவியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வாசித்ததும் லுட்விக் விற்பனை எகிறிய கதையைச் சொன்னான். ரிங்கோவின் செட் ஒன்று 2015 ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்கு மேல் போனதைச் சொல்லி, "அதுல எவனாவது பெயின்ட் அடிச்சிருந்தா?" என்று சிரித்தான். அப்பாவைப் பார்த்து, "ஐயா, ஒரு ரோல் வாசிச்சுக் காட்டுங்க" என்று குச்சியைக் கையில் கொடுத்தான். அப்பா வாசித்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

இதற்குப் பிறகு யாருக்காவது சந்தேகம் வருமா? ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் "க்ளீனிங், துரு, ராப் ஒட்டுதல், புது ஹெட், 45,000" என்று கிறுக்கிக் கொடுத்தான். கடை முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை. துடைத்து ஒட்டுவதற்கு 45,000 எதற்கு என்றாவது கேட்டிருக்கலாம். ஆகஸ்ட் மாதம் 30,000 அட்வான்ஸ், அவனுடைய சொந்த நம்பருக்கு ஜிபே. ஆயுத பூஜைக்கு முன்னால் தந்துவிடுவதாகப் பேச்சு.

ஆயுத பூஜை வந்தது, செட் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து பசையும் ஸ்க்ரூவும் வரவேண்டும் என்று இன்னொரு 18,000. அப்புறம் "பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குதுண்ணா". அப்புறம் "பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் வரலை". அப்புறம் "மழையில பசை காயாதுண்ணா, அவசரப்பட்டா நமக்குத்தான் நஷ்டம்". நமக்குத்தானாம்! போட்டோ அனுப்பச் சொன்னால் யாரோ ஒருவருடைய ஸ்னேர் டிரம் படத்தை அனுப்பினான். நவம்பரில் நீல டிக் மட்டும்தான் பதில். நேரில் போனால் கடையில் இருக்கும் பையன், "அண்ணன் ரெக்கார்டிங்ல இருக்காரு" என்பான். டிசம்பரில் அவனே கூப்பிட்டான். "ரெடிண்ணா. ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. பேலன்ஸ் இருபது போட்டுருங்க." 45 எப்படி 68 ஆனது என்று கேட்டதற்கு "வந்து பாருங்க, நீங்களே சொல்வீங்க" என்றான். போட்டேன். ஆக மொத்தம் 68,000.

சர்ப்ரைஸ் என்ன தெரியுமா? கறுப்பு. காருக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட், முகம் பார்க்கலாம் போல.

ராப்பை மொத்தமாக உரித்துவிட்டிருக்கிறான். அந்தக் கால லுட்விக்கில் ராப்பின் முனையை ஷெல்லின் மர இணைப்புக்குள்ளேயே செருகி ஒட்டியிருப்பார்கள். இழுத்தால் சும்மா வராது. சூடு காட்டி இழுத்தால் மேல் மரத்தகடும் சேர்ந்து கிளம்பும். கிளம்பியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட். பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்த கனத்தில் 13 அங்குல டாமில் 13 அங்குல ஹெட் இறங்கவில்லை, பாட்டிலுக்குப் பொருந்தாத மூடி மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விளிம்பைக் கூராகச் சீவியிருக்கிறான். எந்த விளிம்பைத் தடவிக் காட்டினானோ, அதே விளிம்பை. பேஸ் டிரம்மில் புதிதாக இரண்டு துளை. உள்பக்கமும் கறுப்பு. டார்ச் அடித்தேன், முத்திரை இல்லை. ஜாதகம் போயிற்று. குங்குமத் திட்டு போயிற்று.

சண்டை போட்டேன். அவன் பதறவே இல்லை. போனை எடுத்து, நான் செப்டம்பரில் அனுப்பிய செய்தியைக் காட்டினான். "அப்பா பார்த்ததும் புதுசு மாதிரி இருக்கணும் தம்பி." நான் அனுப்பியதுதான். துருப் போவதைப் பற்றி எழுதினேன். "நீங்க கேட்டதைத்தாண்ணா செஞ்சிருக்கேன். இந்த வேலைக்கு வெளியே ஒன்றரை ஆகும்." உரித்த ராப் எங்கே? "குப்பைக்குப் போயிருச்சு." கம்பெனி பெயரும் எண்ணும் அடித்த பேட்ஜ் எங்கே? "கழட்டும்போது உடைஞ்சிருச்சு." அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர்!

பேட்ஜ் உடையவில்லை. நேற்று ராத்திரி, பழைய பொருள் விற்கிற ஒரு செயலியில் "60ஸ் கீஸ்டோன் பேட்ஜ், ஒரிஜினல்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன் (கீஸ்டோன் என்பது அந்தக் கால லுட்விக் பேட்ஜின் வடிவத்துக்குப் பெயர்). விலை 6,500. அதில் அடித்திருக்கும் வரிசை எண், போன வருஷம் நான் எடுத்து வைத்திருந்த போட்டோவில் இருக்கும் எண். எண்ணி எண்ணி நாலு தடவை ஒப்பிட்டேன். விற்பவனுக்குச் செய்தி அனுப்பினால், "வாங்குறதா இருந்தா பேசுங்க". செயலியில் புகார் கொடுத்தால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் சொல்கிறது. காவல் நிலையத்தில் "சிவில் மேட்டர் சார்" என்றார்கள். துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் ஒருவர் சிரிக்கவும் செய்தார். 68,000 ரூபாய்க்கு என்னிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கூடத்தில் வைத்ததும் வந்து பார்த்தார். கேட்காமலேயே டார்ச்சை எடுத்துவரச் சொல்லி பேஸ் டிரம்முக்குள்ளே பார்த்தார். ஃப்ளோர் டாமை ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் என் தோளில் கை வைத்து, "இது நம்மளது இல்லையேப்பா. மாத்திக் குடுத்துட்டான் உன்கிட்ட. நாளைக்கே போய்க் கேளு" என்றார். கோபம்கூட இல்லை. நம்முடையதுதான்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டிரம்மையும் உள்ளே, வெளியே, விளிம்பு, பேட்ஜ் எண் என்று போட்டோ எடுங்கள். "ராப்பை உரிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, விளிம்பைச் சீவக் கூடாது, உள்ளே பெயின்ட் அடிக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் தராத கடையில் கொடுக்காதீர்கள். "புதுசு மாதிரி" என்ற வார்த்தையை வாட்ஸாப்பில் எழுதவே எழுதாதீர்கள். ராப் மேல் உள்ள அழுக்குக்கு ஈரத் துணியும் கார் பாலிஷும் போதும், இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஏமாந்துவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அந்த 6,500 ரூபாய் பேட்ஜை வேறு யாரும் வாங்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக்கு ஒரு நண்பர் பெயரில் வாங்கப் பார்க்கிறேன். அதுவும் சேர்ந்தால் 74,500.

அப்பா கூப்பிடுகிறார். நம்ம செட்டை எப்போது தருகிறேன் என்றான் என்று, காலையிலிருந்து மூன்றாவது தடவை.