பட்டறைத் தெருவில் லெட்கேர் 2: விரல்நுனி ரத்தத்தில் ஈயம் பார்க்கும் கருவி

செம்பு, பித்தளையோடு காரீயமும் உருக்கும் சுவாமிமலைப் பக்கம் ரத்தப் பரிசோதனை முகாம் போடுபவர்களுக்கு இந்தக் கருவி நன்றாகவே கைகொடுக்கும். 50 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், மூன்று நிமிடத்தில் அளவு வந்துவிடும். பிள்ளையைக் கூட்டிவந்த தாய் முடிவைக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பலாம்.

நுண்குழாயில் குமிழி இல்லாமல் ரத்தம் ஏற்றி, வெளியே ஒட்டியதைத் துடைத்து, மருந்துக் குப்பியில் விட்டுக் கலக்கினால் சிவப்பு மாறிப் பழுப்பாகும். பழுப்பாகும் முன் சென்சாரில் சொட்டக் கூடாது. புதுப் பெட்டி பிரித்தால் அதனோடு வரும் கேலிபிரேஷன் (அளவைச் சரிசெய்யும்) பட்டனை வைத்து, திரையில் வரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) சென்சார் டப்பாவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். 2021இல் சில லாட்டுகள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டியதால் திரும்பப் பெறப்பட்டன. வெப்பம் 36 டிகிரியைத் தாண்டினால் கருவி ஒத்துழைக்காது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகை வேண்டாம், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் விரலில்தான். தோலில் ஒட்டிய பட்டறைத் தூசி ஒரு துளி ரத்தத்தோடு கலந்தாலே அளவு எகிறிவிடும். சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய கை முந்தானையிலோ மேசையிலோ படக் கூடாது. ஸ்பிரிட் பஞ்சு கிருமியைக் கொல்லும், ஈயத்தை எடுக்காது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். இதற்குத் தண்ணீர்க்குடம், சோப்பு, தனியாக ஓர் ஆள் வேண்டும். இந்த ஆளை மிச்சம் பிடித்தால் முகாமே வீண்.

டெசிலிட்டருக்கு 3.3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் ‘லோ’ என்று மட்டும் காட்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எல்லை 3.5, உலக சுகாதார நிறுவனம் நடவடிக்கை எடுக்கச் சொல்வது 5. ஆகவே எல்லையை ஒட்டிய எண்ணை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. கூடுதலாக வந்தால் கையின் சிரையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதை இந்தக் கருவியிலேயே போடாதீர்கள், குறைத்துக் காட்டலாம் என்று 2017இலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. ஆய்வகத்துக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் முழு ரத்தமாகவே போக வேண்டும். ரத்த ஈயம் பெரும்பாலும் சிவப்பணுக்களில் இருப்பதால் சீரம் பிரித்து அனுப்பினால் பயனில்லை.

பிள்ளைக்குக் கூடியிருந்தால் பட்டறைக்குப் போகும் அப்பாவுக்கும் அன்றே பாருங்கள். வேலைத்துணியை எங்கே துவைக்கிறார்கள், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்பதையும் படிவத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.